பால் டின்னுல பால் எங்கே?

அண்ணே, எங்க மாமியார் காலத்துலேருந்து ஒரே டின் பால்தான் வாங்குறோம். இப்ப பேரன் எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு, பாட்டி இதுல கிரிமர் மானிஸ், அதாவது இனிப்புக் கிரிமர்னுதான் இருக்கு, பால்னு பேரே இல்லியேங்குறான். ஏமாத்துறாங்களா? (வாசகி, செந்தூல்)

பேரனுக்கு நல்ல கண்ணுக்கா. ஏமாத்து இல்ல, சட்டம்தான் அப்படி எழுத வச்சிருக்கு. நம்ம மலேசியாவுல 1985ஆம் வருஷத்து உணவு விதிமுறைன்னு ஒண்ணு இருக்கு, எதுக்கு என்ன பேரு வைக்கலாம்னு அதுல போட்டிருக்காங்க, கெட்டிப் பால்னு பேரு வைக்கணும்னா உள்ள இருக்குற கொழுப்பு பாலோட கொழுப்பா இருக்கணும், உங்க டின்னுல அதுக்குப் பதிலா செம்பனை எண்ணெய், அதான் கிரிமர்னு பேரு. டின்னத் திருப்பி பின்னாடி சின்ன எழுத்தப் பாருங்க, எது கூட இருக்கோ அதுதான் முதல்ல வரணும், பெரும்பாலும் சீனிதான் முதல்ல நிக்கும்.

தே தாரிக் டீக்கு தாராளமா ஊத்துங்க, ஆனா தண்ணியில கலக்கி கைக்குழந்தைக்குக் குடுக்குற பழக்கம் நம்ம தோட்டத்துப் பக்கமெல்லாம் இருந்துச்சு, அது வேணவே வேணாம். 1939லயே சிங்கப்பூர் ரோட்டரி கிளப்புல சிசிலி வில்லியம்ஸ்ங்குற டாக்டரம்மா எந்திரிச்சு நின்னு பேசுனாங்க, தாய்ப்பால நிறுத்திட்டு டின் பாலக் குடுங்கன்னு ஏழைத் தாய்மாருகிட்ட ஆசை காட்டி விக்கிறாங்களே, அதுல சாகுற குழந்தைங்க சாவு கொலைன்னே எடுத்துக்கணும்னு. டின் பால் வித்த கம்பெனித் தலைவருதான் அந்த கிளப்புக்கும் தலைவரு, அவரு உக்காந்திருக்குறப்பவே சொன்னாங்க. அந்தக் காலத்துல ஒரு பொம்பள டாக்டர் அப்படிப் பேசுறதுன்னா சும்மாவா? டின்னுல என்ன பேரு இருக்குன்னு பாக்குறப்பல்லாம் எனக்கு அந்தம்மா ஞாபகம்தான் வரும்.

இங்கிலாந்துல சால்மன் மீன சந்தேகப்படுற மாதிரி கையில வச்சிருந்தா குற்றமாம், வாட்ஸ்அப்புல வந்துச்சு. நெசமா? (வாசகர், பட்டர்வொர்த்)

நெசம் தம்பி, 1986ஆம் வருஷத்து சால்மன் சட்டம், 32வது பிரிவு. ஆத்துல திருட்டுத்தனமா புடிச்ச மீன வாங்கி விக்கிறவங்கள மடக்கத்தான் அத வச்சாங்க. ஆனா அதே மெசேஜுல, கிறிஸ்துமஸ் அன்னிக்கு மின்ஸ் பைங்குற இனிப்புப் பலகாரம் சாப்பிட்டா அங்க இன்னும் குற்றம்னு ஒரு வரி வருமே, அது பொய். ராஜாவ எறக்கிட்டு ஆண்ட கிராம்வெல் காலத்துல கிறிஸ்துமஸுக்குத் தடை போட்ட உத்தரவெல்லாம் 1660ல ராஜா திரும்பி வந்ததும் செல்லாமப் போச்சு. ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பாத்துக்கப்பா. நெசமா விசித்திரமானது வேணும்னா, ஐரோப்பாவுல 2001ல வந்த ஜாம் விதியில கேரட்டப் பழக் கணக்குல சேத்திருக்காங்க, போர்ச்சுகல்காரங்க கேரட்டுல ஜாம் காச்சுவாங்க, ஜாம்னா பழத்துலதான் பண்ணணும்னு விதி, அவங்க ஜாமும் கடைக்குப் போகணும்ல.

எங்க வட்டாரத்து ஒட்டுக்கடையில வேல செய்யுற வெளிநாட்டுத் தம்பி தட்டு கழுவுறாரு, மேசை தொடைக்கிறாரு, ஆனா கரண்டியத் தொடமாட்டேங்குறாரு. முதலாளிக்கு முதுகுவலி, அப்பவும் அவருதான் பெரட்டுறாரு. ஏன்ணே? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பினாங்குல அது விதிக்கா. 2016 ஜனவரி 1லேருந்து அங்காடிக் கடையில சார் குவே தியாவ், அசாம் லக்சா மாதிரி உள்ளூர்ச் சாப்பாட்ட வெளிநாட்டுக்காரங்க சமைக்கக் கூடாது, கூடமாட ஒத்தாசை பண்ணலாம். ருசி மாறிடக் கூடாதுன்னுதான். அந்தக் கவலை எனக்கும் உண்டு, அந்த நெருப்புல சட்டியச் சரியான நேரத்துல எறக்குறது கைப்பழக்கம். ஆனா தினம் பக்கத்துலயே நின்னு பாக்குற அந்தத் தம்பிக்கு அந்தக் கை வராதுன்னு நான் ஒத்துக்கமாட்டேன். முதலாளியோட புள்ளைங்க ஆபீஸ் வேலைக்குப் போயிட்டாங்க, அவங்கள சட்டி முன்னாடி கொண்டாந்து நிறுத்த எந்த விதியாலயும் முடியாது. அவரு முதுகு எத்தன வருஷம் தாங்கும்?

எனக்கு 74 வயசு. எங்க தாத்தா உப்பு எடுக்கப் போயி ஜெயிலுக்குப் போனாருன்னு அம்மா சொல்வாங்க, ஊரு வேதாரண்யம் பக்கம். உப்புக்கு எதுக்குய்யா ஜெயிலு? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

ஐயா, வெள்ளக்காரன் 1882ல போட்ட உப்புச் சட்டம் அது. கடலோரத்துல தானா காஞ்சு வெள்ளையாக் கெடக்குற உப்ப ஒரு கைப்பிடி சொரண்டி எடுத்தாலும் குற்றம், வரி கட்டுன உப்பத்தான் வாங்கித் திங்கணும். 1930 ஏப்ரல் 13 ராஜாஜி திருச்சியிலேருந்து நூறு பேரு போல கூட்டிக்கிட்டு நடந்தாரு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியா 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேந்து, 30ஆம் தேதி உப்ப எடுத்தாரு, அங்கயே கைது, ஆறு மாசம் ஜெயிலு.

ஆனா எனக்கு மனசுல தங்குனது அந்த வழிநடைதான்யா. தஞ்சாவூர் கலெக்டரு தோர்ன்னு ஒருத்தரு, நடந்து வர்றவங்களுக்கு சோறு போட்டாலும் தங்க எடம் குடுத்தாலும் ஆறு மாசம் உள்ள போகணும்னு தமிழ்லயே அறிவிப்புப் போட்டாரு. வீட்டுக்கு வந்தவங்களுக்கு எல போடுறது குற்றமாம், அதுவும் காவேரிக் கரையில! ஜனங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா, சோத்துப் பொட்டலத்த ரோட்டோர மரக்கிளையில கட்டித் தொங்க விட்டுட்டு எடத்தக் காலி பண்ணிட்டாங்க. இன்னொரு பக்கம் பாத்திரத்தோட சாப்பாட்ட ஆத்தங்கரை மண்ணுல பொதச்சு வச்சு, இங்க தோண்டுங்கன்னு அடையாளம் விட்டுட்டுப் போனாங்க. போலீஸு வந்து பாத்தா போட்டவங்க யாருன்னே தெரியாது.

உங்க தாத்தா கூட நடந்தவரா, இல்ல சோறு பொதச்சவரா? அம்மா வேற என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்குற வரைக்கும் எழுதி அனுப்புங்கய்யா, அப்படியே அச்சுல போடுறோம்.