டீச்சர் வேலைக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? பி.எட். சேர்க்கும் முன் ஒரு தாயாருக்குப் பதில்

“எம் பொண்ணு பி.எஸ்சி. கணக்கு முடிக்கப் போறா. பி.எட். படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. இங்க முக்கூடல் பக்கம் ஸ்கூல்ல டீச்சருக்குப் பத்தாயிரம்தான் குடுக்காவளாம். பீடி சுத்திச் சேத்த காசு. போட்டா திரும்பி வருமா?”

அம்மா, ‘டீச்சருக்கு எவ்வளவு சம்பளம்’ என்று கேட்பதோடு, ‘அதை யார் தருகிறார்கள்’ என்றும் கேளுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்கை ஒரே படிப்புப் படித்த மூன்று பேர் அரசு, அரசு உதவி பெறும், தனியார் என்று மூன்று பள்ளிகளில் நடத்தினால், மூன்று விதமான சம்பளம் வாங்குவார்கள். பணம் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தது அது.

அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியருக்கு 36,900. 2025 ஜூலை நிலவரப்படி 58 சதவீத அகவிலைப்படி சேர்த்தால் பட்டதாரி ஆசிரியருக்கு 57,512 வரும்; வீட்டு வாடகைப்படி தனி. இது நியாயமான சம்பளம். ஆனால் அரசு வேலை என்றாலே எல்லாருக்கும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்றவற்றுக்கு 2012-இல் பகுதிநேரமாக எடுக்கப்பட்டவர்கள் மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் 12,500-ஐத் தொட்டார்கள். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை.

இனி நீங்கள் கேள்விப்பட்ட பத்தாயிரத்துக்கு வருவோம். கட்டணத்தை மட்டும் நம்பி நடக்கும் ஒரு சிறிய மெட்ரிக் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் 35 பிள்ளைகள், ஆளுக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய் கட்டணம் என்று வையுங்கள். ஒரு வகுப்பின் வருமானம் 6,30,000. அரசு தரும் 57,512 வீதம் ஒரே ஒரு ஆசிரியருக்குப் பன்னிரண்டு மாதம் கொடுத்தால் 6,90,144. வகுப்பு முழுவதும் கட்டிய பணம் ஒரு டீச்சருக்கே போதவில்லை. ஆறாம் வகுப்புக்கு மேல் ஒரு வகுப்புக்கு ஒன்றரை ஆசிரியர் வேண்டும். கட்டடம், கரன்ட், ஆயாம்மா, ஆய்வுக்கூடம் எல்லாம் இதற்கு மேல். நியாயச் சம்பளம் தர வேண்டுமானால் கட்டணம் நாற்பதாயிரத்தைத் தாண்டும். பீடி சுற்றும் வீடும் வாழைத்தார் சுமக்கும் வீடும் அதைக் கட்ட முடியாது. உங்கள் பக்கத்துப் பள்ளியில் குறைவாகக் கொடுப்பதற்கு இது ஒரு காரணம். நாற்பதாயிரமும் அதற்கு மேலும் வாங்கிக்கொண்டு டீச்சருக்குப் பத்தாயிரம் கொடுக்கும் பள்ளிக்கு இந்தக் காரணம் பொருந்தாது. அங்கே நடப்பது சுரண்டல்தான்.

அப்படியானால் யார் கொடுக்க வேண்டும்? பெற்றோரின் கட்டணத்தால் முடியாது என்று மேலே உள்ள கணக்கே சொல்லிவிட்டது. நன்கொடையாலும் முடியாது, பாளையங்கோட்டையை ‘தென்னாட்டு ஆக்ஸ்ஃபோர்டு’ என்று பேர் வாங்க வைத்த மிஷன் பள்ளிகளே பிற்பாடு அரசு மானியத்தில்தான் ஆசிரியர் சம்பளத்தை நிலைநிறுத்தின. பொதுப் பணம்தான் வழி. பிள்ளைகளின் மதியச் சோற்றைப் பொதுச் செலவாக ஏற்று 1956-இல் காமராசர் தொடங்கி வைத்தது பழைய திருநெல்வேலிச் சீமையின் எட்டயபுரத்தில். சோற்றுக்குப் பொருந்திய நியாயம் பாடம் சொல்லித் தருபவருக்கும் பொருந்தும்.

அந்தப் பொதுப் பணத்தில் உங்கள் காசும் இருக்கிறது. நீங்கள் சுற்றும் பீடிக்கும் வரி உண்டு. வருமான வரி கட்டுபவரிடம் மத்திய அரசு 4 சதவீதம் ‘உடல்நலம்-கல்வி’ மேல்வரி வாங்குகிறது. மேல்வரி என்பதால் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் தொகுப்பில் அது சேராது. ஆனால் ஆசிரியர் சம்பளத்தில் பெரும்பங்கைச் சுமப்பது மாநிலம்: 2025-26-இல் தமிழ்நாடு பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்று பங்கு. 2024-25-இல் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடுவது பற்றிய தகராறில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி நின்றபோது, அந்தத் தலைப்பில் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் முதலில் அடி. ஆசிரியர் சம்பளத்தை இரண்டு அரசுகளின் பேரத்தில் வைப்பது தவறு. அதோடு, கல்வி உரிமைச் சட்டப்படி நலிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கு அரசிடம் பணம் வாங்கும் தனியார் பள்ளி, ஆசிரியர் சம்பளத்தை வங்கிக் கணக்கில் காட்டியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும்.

இதெல்லாம் மாறும்வரை உங்கள் மகள் காத்திருக்க முடியாது. ஆகவே படிப்பைப் பற்றிச் சொல்கிறோம்.

பி.எட். இரண்டு ஆண்டு. அரசு உதவி பெறும் கல்லூரியில், அரசு மானியம் உள்ள இடத்துக்கு முயலுங்கள். பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்குத் தூய இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. சேர்க்கை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் நடக்கும், கட்டணம் மிகக் குறைவு. “வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்” என்று ஏஜென்ட் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளியில் நின்று பாடம் நடத்திப் பழகுவதுதான் இந்தப் படிப்பின் உயிர்.

படிக்கும்போதே ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாளுக்குத் தயாராக வேண்டும். 150 மதிப்பெண்ணில் குழந்தை உளவியல் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. கணக்கு படித்த பிள்ளைகள் வழுக்கி விழுவது இந்த 60-இல் வரும் அறிவியலில்தான். ஆறு முதல் பத்து வரை அறிவியல் பாடநூல்களை வரி விடாமல் படித்தாக வேண்டும். தகுதித் தேர்வில் தேறினால் வேலை கிடைத்துவிடாது. 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு. பி.எட். வைத்துக்கொண்டு ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குப் போகலாம் என்ற பழைய நம்பிக்கையும் வேண்டாம், 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. குடும்பம் தாங்குமானால் எம்.எஸ்சி.யும் முடிக்கட்டும், முதுகலை ஆசிரியர் தேர்வும் அவளுக்குத் திறக்கும்.

அரசு மானியத்தில் ஆசிரியர் சம்பளம் வரும் உதவி பெறும் பள்ளியில் ‘போஸ்ட் இருக்கு’ என்று யாராவது சொன்னால் ஒரே கேள்வி: அனுமதிக்கப்பட்ட பணியிடமா, நிர்வாகம் தானாகப் போட்டதா? ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆண்டுதோறும் பணியாளர் நிர்ணயம் நடக்கும். பிள்ளைகள் குறைந்திருந்தால் அந்த இடமே உபரியாகிவிடும். கல்வித்துறை ஒப்புதல் வரும்வரை அரசுச் சம்பளம் வராது. வருடக்கணக்கில் இழுபடுவதும் உண்டு. இதற்கு லட்சக்கணக்கில் ‘நன்கொடை’ கேட்டால் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத பணம் திரும்பாது.

தேர்வுக்குப் படித்துக்கொண்டே தனியார் பள்ளியில் சேர்ந்தால், எழுத்தில் பணி ஆணை வாங்கச் சொல்லுங்கள். ஆண்டுக்குப் பத்து மாதமா, பன்னிரண்டு மாதமா சம்பளம் என்று அதில் இருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் பள்ளி வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பிடிக்க வேண்டும்: அவள் பங்கு 12 சதவீதம், பள்ளியின் பங்கும் 12. ஐந்து ஆண்டு முடித்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உரிமை உண்டு. ஆசிரியருக்கும் அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதி செய்திருக்கிறது. கடைசிச் சம்பளம் 12,000, பத்து ஆண்டு வேலை என்றால் 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பத்தால் பெருக்க 69,230 ரூபாய். கேட்டு வாங்காமல் விட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

கணக்கில் முழுச் சம்பளம் போட்டுவிட்டுப் பாதியைக் கையில் திருப்பிக் கேட்கும் இடமும், மே மாதம் வீடு வீடாகப் போய் அட்மிஷன் பிடிக்கச் சொல்லும் இடமும் வேண்டாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலை அலமாரியில் வைத்துப் பூட்டுவோம் என்றால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். கலந்தாய்வு நாளில் அந்தக் காகிதம் அவள் கையில் இருக்க வேண்டும்.