திராட்சைக் கறைக்கு முதலில் சோப்பு போடாதீர்கள்: சலவைக் கேள்வி பதில்

மதுரை சிம்மக்கல் பக்கம் 28 வருடமாகச் சலவைக்கடை வைத்திருக்கிறேன். அப்பா வைகையில் துணி வெளுத்தவர். கிறிஸ்துமஸ், புத்தாண்டு முடிந்த வாரத்தில் வைன் கறையோடு வரும் துணிகள் அதிகம். பாதிக்கு மேல் கெட்டுப்போவது கறையால் அல்ல, வீட்டில் செய்த முதல் வைத்தியத்தால். அதனால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

ஞானஒளிவுபுரம் சகோதரி: அண்ணே, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை வைன் வீட்டுக்காரர் வேட்டியில் கொட்டிவிட்டது. உடனே சோப்புக்கட்டி போட்டுத் தேய்த்தேன். சிவப்பாக இருந்த கறை நீலமாகிவிட்டது. வேட்டி அவ்வளவுதானா?

இல்லைம்மா, காப்பாற்றலாம். திராட்சைத் தோலில் இருக்கும் சாயத்துக்குப் பெயர் ஆந்தோசயனின். புளிப்பில் சிவப்பாக இருக்கும், காரத்தில் (மிளகாய்க் காரம் அல்ல, புளிப்புக்கு எதிரான அல்கலி) நீலமாகவோ பச்சையாகவோ மாறும். துணி சோப்பு காரம். நீங்கள் தேய்த்ததும் நிறம் மாறியது அதனால்தான். திராட்சையில் துவர்ப்பும் இருக்கிறது. சோப்புக்கட்டியால் அழுத்தித் தேய்த்தால் அது நூலுக்குள் போய் இறுகிக்கொள்ளும்.

இப்போது செய்ய வேண்டியது: சோப்பு போகும்வரை பச்சைத்தண்ணீரில் நன்றாக அலசுங்கள். வெள்ளை வினிகரில் பாதி, தண்ணீர் பாதி கலந்து கறைமேல் ஊற்றுங்கள். நீலம் மறுபடி சிவப்பாகத் திரும்பும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அப்படித் திரும்புவதுதான் நல்லது. பத்து நிமிடம் விட்டு அலசிவிட்டு, துணிக்கான லிக்விடைக் கொஞ்சம் விட்டு விரல் நுனியால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவுங்கள். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கறை அகலமாகும்.

அதற்கும் மிஞ்சியிருந்தால் மெடிக்கலில் ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்குங்கள். பெரும்பாலும் 6 சதவீதம் என்று போட்டிருக்கும், அதே அளவு தண்ணீர் சேருங்கள். வினிகரைச் சுத்தமாக அலசிய பிறகுதான் இதை ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் விடுங்கள். ஜரிகைக் கரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டிய உடனே என்றால் இன்னும் சுலபமான வழி இருந்தது. வெறும் பருத்தித் துணியாக இருந்தால், கறை பட்ட இடத்தை எவர்சில்வர் பாத்திரத்தின் வாயில் இழுத்து விரித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரை ஒரு அடி உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விடுங்கள். கறை கண்ணெதிரே வெளுத்துக் கீழே இறங்கும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஜரிகை, பாலியஸ்டர், பட்டு எதற்கும் இது ஆகாது.

கோச்சடை அக்கா: பட்டுப்புடவை முந்தியில் வைன் பட்டுவிட்டது. இதே வழிதானா?

இல்லை அக்கா. பட்டு விஷயத்தில் கையை அடக்குங்கள். வெள்ளைப் பருத்தித்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தண்ணீரை ஒற்றி ஒற்றி வைக்கலாம், அவ்வளவுதான். குளோரின் ப்ளீச் பட்டால் பட்டு நூலே கரைந்துவிடும். பெராக்சைடு சாயத்தை எடுத்துவிடலாம். காயும் முன்பே டிரைவாஷுக்குக் கொண்டுபோய், கொட்டியது என்ன, எத்தனை மணிக்கு, நீங்கள் என்ன போட்டீர்கள் என்று மூன்றையும் சொல்லிக் கொடுங்கள். மறைக்கவே கூடாது. சொல்லாமல் கொடுத்த புடவையில்தான் எங்கள் கை தடுமாறுகிறது.

அண்ணா நகர் தம்பி: உப்பு போட்டால் உறிஞ்சிவிடும் என்கிறார்கள். வெள்ளை வைன் ஊற்றினால் போகும் என்றும் படித்தேன்.

ஈரமாக இருக்கும்போது உப்பைக் குவித்தால் கொஞ்சம் இழுக்கும், உண்மைதான். காய்ந்த கறையில் ஒன்றும் செய்யாது. வெள்ளை வைன் கறையை நீர்க்க வைக்கிறது, அதைத் தண்ணீரே செய்யும். காசைக் கரியாக்க வேண்டாம்.

கம்பம் நண்பர்: திராட்சைத் தோட்டத்தில் வேலை. என் சட்டைகளில் கறை மாதக்கணக்காக ஊறிப்போய்விட்டது.

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் பன்னீர் திராட்சையின் தோலில்தான் இந்தச் சாயம் முழுக்க இருக்கிறது. இங்கே மதுரையில் நிறைய வீடுகளில் வைன் போடுவதும் அந்தப் பழத்தில்தான். பழைய கறைக்கு ஆக்சிஜன் ப்ளீச் பவுடர் வாங்குங்கள், குளோரின் ப்ளீச் அல்ல. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பாக்கெட்டில் சொன்ன அளவு கரைத்து, நாலைந்து மணி நேரம் ஊற விடுங்கள். அதுவும் காரம் என்பதால் போட்டதும் கறை நீலமாகும். அப்புறம் மெல்ல வெளுக்கும். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடி ஊற வையுங்கள். வேலைக்குப் போகும்போது அடர்நிறச் சட்டை போடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் வெயிலில் வெள்ளைதான் சுகம் என்பதும் தெரியும்.

ஆரப்பாளையம் சகோதரி: சுங்குடிச் சேலையில் திராட்சை ஜூஸ் பட்டுவிட்டது. வினிகர் போடலாமா?

முதலில் சோதனை. உள்பக்கம் மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத்துணியை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். சுங்குடி முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலை. அந்த வெள்ளைப் புள்ளியில் பக்கத்துச் சாயம் கசிந்தால் அழகே போய்விடும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது, நம் ஊர்ப் பெயரைத் தாங்கியிருக்கிறது, பொறுமையாகவே கையாளுங்கள். சாயம் நின்றால் வினிகர், தண்ணீர், மெல்லிய லிக்விட், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒத்தக்கடை தம்பி: அழகர்கோவில் போய்வந்த என் மகன் சட்டையில் நாவல்பழம்.

திராட்சைக்குச் சொன்னதேதான். அதே சாயம்.

பழங்காநத்தம் அம்மா: மஞ்சள் கறை, சோப்பு போட்டதும் இரத்தச் சிவப்பாகிவிட்டதே!

மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும். அலசிவிட்டு வெயிலில் போடுங்கள். அந்த நிறத்துக்கு வெயில்தான் எமன். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு நாளில் பெரும்பகுதி போய்விடும்.

கல்லூரி மாணவர் ஒருவர்: ஐயா, அந்தக் காலத்தில் வெள்ளாவி வைத்தால் எல்லாக் கறையும் போகுமாமே?

பெருவாரியாகப் போகும். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேக வைத்து, ஆற்றில் அடித்து அலசி, மணலில் காயப்போடுவார்கள். காரமும் சூடும் வெயிலும் சேர்ந்து வெளுக்கும். ஆனால் பழக்கறை பட்டதை அப்பா அடுக்கில் வைக்க மாட்டார். தனியாக எடுத்து எலுமிச்சம்பழம் தேய்த்து அலசிய பிறகுதான் உவர்மண் தொட்டியில் போடுவார். பெராக்சைடும் ஆந்தோசயனினும் அவருக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்திருந்தது.

வில்லாபுரம் சகோதரி: வீரியமாக இருக்கட்டும் என்று ப்ளீச்சோடு வினிகர் கலந்தேன். மூக்கு எரிகிறது.

இனி ஒருபோதும் கலக்காதீர்கள். இப்போதே பாத்திரத்தை விட்டு வெளியே வாருங்கள், ஜன்னல் கதவைத் திறந்துவிடுங்கள். குளோரின் ப்ளீச்சும் புளிப்பும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பதம்பார்க்கும். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கக்கூஸ் ஆசிட்டுக்கும் இதே எச்சரிக்கை. வேட்டி ஒன்று போனால் இன்னொன்று வாங்கலாம்.

ஞானஒளிவுபுரம் சகோதரி மறுபடி: அண்ணே, நீலம் போய்விட்டது! ஆனால் ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள் வளையம் தெரிகிறது. இஸ்திரி போடலாமா?

வேண்டாம், பெட்டியைத் தொடாதீர்கள். வீட்டு வைனில் சர்க்கரை நிறைய இருக்கும். அது துணியில் மிஞ்சியிருந்து சூடு பட்டால் பழுப்பாகிவிடும், அப்புறம் எடுக்க முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, லிக்விட் விட்டு அலசி, நிழலில் காய வைத்துப் பாருங்கள். வளையம் இல்லை என்று உறுதியான பிறகு இஸ்திரி போடுங்கள்.