மூன்று பேர் வேலை, ஒருவர் தலையில்

கேள்வி: எங்கள் பிரிவில் மூன்று பேர் இருந்தோம். ஆட்குறைப்பில் இரண்டு பேர் போனார்கள்; அவர்கள் வேலையும் என்னிடம் வந்தது. காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 10 ஆகிறது. அப்படியும் வேலை தேங்குகிறது. மேலாளர் நேர மேலாண்மை வகுப்புக்குப் போகச் சொல்கிறார். கடன் இருப்பதால் வேலையை விடவும் முடியாது. எனக்குத்தான் திறமை போதவில்லையோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறது. உடம்பும் மனதும் ஓய்ந்துபோவது, வேலை மீது கசப்பு வருவது, 'என்னால் சரியாகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம். நீங்கள் கேட்டிருப்பது அந்த மூன்றாவதைத்தான். உங்கள் திறமையைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே வகைப்பாடு இதை நோய் என்றும் சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நீண்ட பணி நெருக்கடியின் விளைவு என்கிறது. அப்படியானால் சரிசெய்ய வேண்டியது வேலைச்சுமையை. வகுப்புக்கு உங்களை அனுப்பி என்ன பயன்? மூன்று பேர் வேலைக்கு மூன்று பேர் நேரம் வேண்டும், கணக்கு அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் நீங்கள் வாரத்துக்கு 60 மணி நேரம் உழைக்கிறீர்கள். அதுவும் வார விடுமுறை இரண்டு நாளும் உங்களுக்குக் கிடைத்தால்! வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து மதிப்பிட்டன. 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு அது. பயமுறுத்தச் சொல்லவில்லை. தூக்கம் கெட்டிருந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ 'வேலை முடியட்டும்' என்று தள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று அவ்வப்போதே குறித்துவிடுங்கள். 'இதை இன்னிக்கே முடிச்சிடலாமா?' என்று இரவு 9.40க்கு வந்த செய்தி, அதற்குப் போன 50 நிமிடம், எல்லாமே அதில் வரட்டும். பக்கத்தில், அந்த வேலையை முன்பு யார் பார்த்தார்கள் என்றும் எழுதுங்கள். முக்கியம் அந்தப் பத்திதான். உங்கள் நாள் எங்கே போகிறது என்பது அதில் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல். புலம்பலாக வேண்டாம், கேள்வியாக இருக்கட்டும்: 'இந்த வாரம் இந்த ஐந்து வேலைகள் இருக்கின்றன. அலுவலக நேரத்துக்குள் மூன்றை முடிக்கலாம். எந்த இரண்டைத் தள்ளிவைக்க?' வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுத்தில் கேட்டால், எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவராகிறார். இத்தனை நாள் அந்த முடிவையும் சேர்த்து நீங்களே சுமந்திருக்கிறீர்கள்.

இரவுச் செய்திகள் பற்றி: குளியலறைக்கும் போனைக் கொண்டுபோன ஆள் நான், அதனால் உபதேசம் செய்ய மாட்டேன். ஆனால் பிரான்சில் 2017 முதல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் 2024இல் அப்படி ஓர் உரிமை வந்தது. நீங்கள் கேட்பது ஒன்றும் அதிகப்படி இல்லை. முதலில் வாரத்தில் இரண்டு இரவு மட்டும் 8 மணிக்கு மேல் பதில் போடாமல் இருந்து பாருங்கள்.

மற்ற பிரிவுகளிலும் இதே கதையா என்று விசாரியுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் போய்ப் பேசுங்கள். தனியாளாகக் கேட்பதும் நாலு பேராகக் கேட்பதும் ஒன்றல்ல. கோபத்தில் ராஜினாமா எழுத வேண்டாம். இருக்கும் வேலையில் இருந்தபடியே வேறு தேடுவதில் தப்பே இல்லை.

மின்னஞ்சலுக்கு மேலாளர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பதிலே வராமலும் போகலாம். அப்போதும் அனுப்பிய மடலை அழித்துவிடாதீர்கள், ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.