தாலின் பழைய நகரம்: முட்டிவலிக்காரரோடு ஒரு நாள்

கேள்வி: ஜூன் கடைசியில் ஹெல்சின்கியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். அங்கிருந்து கப்பலில் எஸ்தோனியாவின் தாலின் நகருக்குக் காலையில் போய் இரவில் திரும்பலாம் என்று எண்ணம். உடன் வரும் என் மாமியாருக்கு 71 வயது. படி ஏறி இறங்கினால் மறுநாள் முழுக்கப் படுத்துவிடுவார். ஆனால் கோயில், கோட்டை என்றால் முதல் ஆளாகக் கிளம்புவார். நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். பழைய நகரத்தை அவருக்குக் காட்ட முடியுமா? தனி விசா வேண்டுமா? சுற்றுலா அட்டை வாங்க வேண்டுமா?
– மதுரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: தாராளமாகக் காட்டலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: கூட்டம் போகிற திசையில் போகாதீர்கள்.

கப்பலில் இறங்குகிறவர்கள் எல்லாரும் நடந்தே கீழ் நகரத்துக்குள் நுழைவார்கள். சந்து சந்தாகச் சுற்றிவிட்டு, கால் ஓய்ந்த நேரத்தில், மதியத்துக்கு மேல் டோம்பேயா குன்றின்மேல் ஏறுவார்கள். நீங்கள் இதைத் தலைகீழாக்குங்கள். துறைமுக வாசலிலேயே டாக்சி பிடித்து நேராகக் குன்றின் உச்சிக்குப் போய்விடுங்கள். டாக்சி அழைக்கும் போல்ட் செயலி அங்கே நன்றாக வேலை செய்யும். அந்த நிறுவனம் பிறந்ததே தாலினில்தான். உச்சியிலிருந்து கடல்வரை ஊர் முழுக்க இறக்கம். பார்த்துக்கொண்டே இறங்கினால் மாலையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள்.

இப்படிப் போவது முட்டிக்கு மட்டுமல்ல, ஊரைப் புரிந்துகொள்வதற்கும் நல்லது. தாலின் பழைய நகரம் உண்மையில் இரண்டு ஊர். 1219-ல் டென்மார்க் அரசன் இந்தக் குன்றைப் பிடித்தான். 'தாலின்' என்ற பெயரே 'டேனியர் கோட்டை' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அதன்பின் மேலே ஆயரும் பிரபுக்களும், கீழே ஜெர்மன் மொழி பேசிய வணிகர்களும் தனித்தனியாக வாழ்ந்தார்கள். கீழ் நகரத்துக்கு 1248 முதல் ஜெர்மன் வணிக நகரமான லூபெக்கின் சட்டம். மேலே பிரபுக்களின் சட்டம். நடுவே மதில், இரவானால் பூட்டுகிற கதவு. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இரண்டும் ஒரே நகராட்சி ஆயின.

இரண்டையும் இணைத்தவை இரண்டு பாதைகள். வண்டியும் குதிரையும் போக 'பிக் யல்க்', அதாவது நெட்டைக்கால். நடந்து போகிறவர்களுக்கு 'லூஹிகே யல்க்', குட்டைக்கால். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. அதனால் எங்கள் ஊர் நொண்டி ஊர் என்று உள்ளூர்க்காரர்களே கேலி பேசுவார்கள். உங்கள் மாமியாருக்கு ஏற்றது நெட்டைக்கால்தான். குதிரை வண்டிக்குப் போட்ட பாதை என்பதால் படிகள் கிடையாது, சாய்தளம் மட்டும். குட்டைக்கால் செங்குத்து, படிகளும் உண்டு.

உச்சியில் டாக்சியை அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி பேராலயத்தின் முன் நிறுத்தச் சொல்லுங்கள். வெங்காயக் குமிழ் கோபுரங்களோடு 1900-ல் கட்டி முடித்த ரஷ்ய மரபுக் கோயில் அது. ஜார் ஆட்சி தன் கையைக் காட்டக் கட்டியது என்று எஸ்தோனியர்கள் பலருக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. எதிரே இளஞ்சிவப்பு முகப்போடு இருப்பது அவர்களின் நாடாளுமன்றம். கோயில் வாசலில் சில படிகள் உண்டு. பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறலாம். உள்ளே பெண்கள் தலையை மூடுவது வழக்கம். புடவை முந்தானையே போதும். படம் எடுக்க விடமாட்டார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் டோம் தேவாலயம். சுவர் முழுக்கப் பிரபுக் குடும்பங்களின் மரத்தில் செதுக்கிய குலச்சின்னங்கள், நூற்றுக்கும் மேல். மேல் நகரம் யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வழிகாட்டியும் சொல்ல முடியாது. பிறகு கொஹ்து ஒட்சா என்ற காட்சிமேடை. சிவப்பு ஓட்டுக் கூரைகள், மதில் கோபுரங்கள், ஒலெவிஸ்டே தேவாலயத்தின் ஊசிமுனை, அதற்கப்பால் கடல். பட்குலி என்று இன்னொரு மேடையும் உண்டு. காட்சி அழகுதான், ஆனால் 'இங்கிருந்தே கீழே இறங்கிவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 157 படிகள். முட்டிவலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வதை என்பது உங்களுக்கே தெரியும்.

நெட்டைக்கால் வழியே இறங்கும்போது கல் பாவிய தரை என்பதை மறக்க வேண்டாம். தட்டையான ரப்பர் அடி செருப்பு அல்லது ஷூ போதும். சக்கரப் பெட்டி மட்டும் வேண்டாம்; நான் ஒருமுறை இழுத்துப்போய் ஒரு சக்கரத்தைக் கல்லிடுக்கில் காணிக்கையாக விட்டுவிட்டு வந்தேன்.

கீழே வந்ததும் நிகுலிஸ்டே. நேரம் எங்கே போனாலும் இங்கே குறைக்காதீர்கள். புனித நிக்கோலஸ் பெயரிலான இந்த வணிகர்களின் தேவாலயம் 1944 மார்ச் 9-ம் தேதி சோவியத் குண்டுவீச்சில் எரிந்தது. கலைப்பொருட்கள் பலவற்றை முன்னரே வெளியேற்றி வைத்திருந்ததால் அவை தப்பின. மீண்டும் கட்டிக்கொண்டிருந்தபோது 1982-ல் கோபுரம் மறுபடி எரிந்தது. இப்போது அருங்காட்சியகம். லூபெக் ஓவியர் பெர்ன்ட் நோட்கே 15-ம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்த 'மரண நடனம்' இங்கேதான் இருக்கிறது. போப்பாண்டவர், பேரரசர், பேரரசி, கர்தினால், மன்னர் என்று வரிசையாக நிற்க, ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புக்கூடு பிடித்து ஆடுகிறது. முப்பது மீட்டர் நீளம் இருந்ததில் மிஞ்சியது ஏழரை மீட்டர்தான். 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்று கேட்டு வளர்ந்தவருக்கு விளக்கவுரையே தேவையிருக்காது. இன்னொரு வசதி: கோபுரத்துக்குள் கண்ணாடி லிஃப்ட் வைத்துவிட்டார்கள். படி ஏறாமலே உச்சிக்காட்சி. திங்கட்கிழமை போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை நகரமன்றச் சதுக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இடைக்கால உடையில் நிற்கும் பணியாளர்கள், காட்டுமான் கறி, சதுக்கத்துக்கான விலை. சைவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் வேடிக்கைதான். பக்கத்துத் தெருக்களில் வீகன் உணவு கிடைக்கும். வீகன் என்றால் முட்டைக் கவலையும் தீர்ந்தது. சில சொற்களை மனத்தில் வையுங்கள்: 'லிஹா' என்றால் இறைச்சி, 'முனா' முட்டை, 'கலா' மீன். (கலா என்று வீட்டில் யாராவது இருந்தால் சொல்லாதீர்கள்.) பட்டாணி சூப் என்று எழுதியிருப்பதை நம்பிவிடக் கூடாது, புகையூட்டிய பன்றி இறைச்சி போட்டுத்தான் பெரும்பாலும் செய்வார்கள். ரை என்ற தானியத்தில் செய்யும் கறுப்பு ரொட்டி அருமை. 'காமா' கிடைத்தால் விடாதீர்கள்: பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணியை வறுத்து அரைத்த மாவு, மோர் மாதிரியான புளித்த பாலில் கலந்து குடிப்பது. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, 'சத்துமாவுதானே இது' என்பார்.

சதுக்கத்தை உட்கார்ந்து பாருங்கள், அது போதும். 1404-ல் முடித்த கோதிக் நகரமன்றம், அதன் கோபுரத்தின் உச்சியில் 1530 முதல் காற்றுத்திசை காட்டி நிற்கும் 'கிழட்டுத் தோமாஸ்' என்ற வீரன் உருவம். மூலையில் ஒரு மருந்துக்கடை. 1422-ம் ஆண்டுப் பதிவிலேயே அதன் பெயர் வருகிறது, இன்றும் மருந்து விற்கிறது. ஒரே குடும்பம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நடத்தியது. பாதாம் மிட்டாயான மார்சிபனை முதலில் மருந்தாகச் செய்தது இங்கேதான் என்பார்கள்; லூபெக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு பிக் தெரு. கடலை நோக்கி லேசாகச் சரிகிற இந்த நீளத் தெருவில் வீடுகளின் நெற்றியைப் பாருங்கள்: கூரைக்குக் கீழே வெளியே நீட்டிய உத்திரம், கீழே சரக்கு ஏற்றும் கதவுகள். வணிகர் கீழ்த்தளத்தில் குடியிருந்தார், மேல்தளங்கள் கிடங்கு. மேற்கிலிருந்து வந்த உப்பு இந்த உத்திரங்களில் கப்பி கட்டி ஏறியது. ரஷ்யாவின் நோவ்கொரோதிலிருந்து வந்த மெழுகும் தோலும் இறங்கின. தாலின் உப்பின்மேல் கட்டிய ஊர் என்ற பேச்சு இதனால்தான். அதே தெருவில் பெரிய சங்கத்தின் மண்டபம்; கல்யாணமான வணிகர் மட்டுமே உறுப்பினர். கல்யாணமாகாதவர்களுக்குச் சற்றுத் தள்ளி 'கருந்தலையர்' இல்லம்.

ஒலெவிஸ்டே கோபுரத்தில் 230-க்கும் மேற்பட்ட குறுகிய படிகள். ஏற ஆசையிருந்தால் மாமியாரைக் கீழே உட்காரவைத்துவிட்டு ஒருவர் மாற்றி ஒருவர் போய்வாருங்கள். 16-ம் நூற்றாண்டில் 159 மீட்டர், உலகத்திலேயே உயரம் என்று சொல்வார்கள். ஆராய்ச்சியாளர்கள் பலர் நம்புவதில்லை. இன்றைய உயரம் சுமார் 124 மீட்டர். சோவியத் காலத்தில் உளவு அமைப்பான கேஜிபி இதன் உச்சியை வானொலிக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது.

தெரு முடிகிற இடத்தில் 'குண்டு மார்கரீத்தா' கோபுரம். உள்ளே கடல்சார் அருங்காட்சியகம். 2015-ல் கட்டுமானத்துக்குத் தோண்டியபோது கிடைத்த, சுமார் 700 ஆண்டுப் பழமையான வணிகக் கப்பலை வைத்திருக்கிறார்கள். கால் ஒத்துழைத்தால் பாருங்கள்.

விசா: தனியாக வேண்டாம். பின்லாந்தும் எஸ்தோனியாவும் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள். உங்கள் ஷெங்கன் விசா ஒரே நுழைவுக்கானதாக இருந்தாலும் இந்தப் பயணத்தில் அது தீராது. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். மகள் வந்தால் பாஸ்போர்ட்டோடு குடியிருப்பு அட்டையும் வேண்டும். சுற்றுலா அட்டை வேண்டாம். நீங்கள் டிக்கெட் வாங்கி நுழையப்போவது இரண்டு மூன்று இடம்தான்.

ஜூன் 23, 24 இரண்டு நாளும் அங்கே அரசு விடுமுறை. நடுக்கோடைத் திருநாளுக்கு ஊரே கிராமத்துக்குப் போய்விடும், பல இடங்கள் மூடியிருக்கும். அந்தத் தேதிகளைத் தவிருங்கள். கப்பல் பயணம் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம், இரு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே. தாலின் துறைமுகத்தில் ஏ, டி என்று இரண்டு பயணியர் முனையங்கள். போகும்போதும் வரும்போதும் வேறு வேறு நிறுவனக் கப்பல் எடுத்தால் முனையமும் மாறலாம். திரும்பும் டிக்கெட்டில் எந்த எழுத்து என்பதைக் காலையிலேயே பார்த்துவைத்துக்கொண்டு, குண்டு மார்கரீத்தாவிலிருந்து அங்கே போகவும் டாக்சியே எடுத்துவிடுங்கள்.