ஆப்பெழுத்தைப் படித்தது ராலின்சனா, குரோட்டஃபெண்டா?

வணக்கம். மகளின் கட்டுரைப் போட்டிக்கு இந்த இருவரில் யார் பெயரை எழுதச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். ஆப்பெழுத்து என்பது ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன பழங்கால எழுத்து. அதில் பழைய பாரசீக ஆப்பெழுத்து என்றால் தயங்காமல் கியோர்க் ஃப்ரீட்ரிக் குரோட்டஃபெண்ட். 1802இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பள்ளி வாத்தியார், வயது 27. படிப்பெல்லாம் கிரேக்கமும் லத்தீனும்தான். கீழைமொழிகள் அவர் துறையே இல்லை.

எப்படிப் படித்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதட்டும், சுவையே அதில்தான். பழைய பாரசீகத் தலைநகரான பெர்சிபோலிஸின் கல்வெட்டு நகல்கள் இரண்டை எடுத்துக்கொண்டார். 'இன்னான், பேரரசன், அரசர்க்கரசன், இன்னான் மகன்' என்கிற வாய்பாடு இருக்கும் என்பது ஊகம். ஒன்றில் தந்தையாக வரும் பெயர் மற்றதில் அரசனாக வருகிறது. ஆனால் அந்த அரசனின் தந்தைக்குப் பட்டம் இல்லை. பேரன் அரசன், மகன் அரசன், தாத்தா மட்டும் அரசனில்லை! பாரசீக அரசர்களைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைக் கரைத்துக் குடித்தவருக்கு இது போதாதா? தாத்தா ஹிஸ்டாஸ்பிஸ், மகன் தாரியஸ், பேரன் செர்க்ஸீஸ்.

கோட்டிங்கன் அறிவியல் கழகம் கட்டுரையை முழுதாக அச்சிடவில்லை. 1805இல் வரலாற்றாசிரியர் ஹீரனின் நூலில் பின்னிணைப்பாக வந்தது. பிற்பாடு ஹானோவரில் பள்ளித் தலைவரானார், லத்தீன் இலக்கணமும் எழுதினார்.

பல எழுத்துகளை அவர் தப்பாகத்தான் படித்தார். ஈரானின் பெகிஸ்தூன் பாறைக் கல்வெட்டைப் படியெடுத்து நீண்ட பாடத்தையே வாசித்தவர் ஆங்கிலேய அதிகாரி ராலின்சன். போட்டித் தலைப்பு பாபிலோனிய ஆப்பெழுத்து என்றிருந்தால் அவரையும் அயர்லாந்து அறிஞர் ஹிங்க்ஸையும் எழுதச் சொல்லுங்கள்.