கீழ் படுக்கை கிடைத்தால் ரயில்; இல்லாவிட்டால் விமானம்

கேள்வி: வியன்னாவில் மகன் வீட்டில் இருக்கிறோம். எனக்கு வயது 66, மனைவிக்கு 61. அவருக்கு முழங்கால் வலி. செப்டம்பரில் நான்கு நாள் ரோம் போய்வர ஆசை. மகன், “39 யூரோவுக்கு ஃப்ளைட் இருக்கிறது, அதில் போங்கள்” என்கிறான். மனைவிக்கு இரவு ரயிலில்தான் போக வேண்டும். ஊரில் எங்கள் ஏஜென்ட், “யூரேல் பாஸ் (ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கான பொதுப் பயணச்சீட்டு) எடுத்தால் எல்லா ரயிலும் இலவசம்” என்கிறார். 25-ஆம் தேதி காலை ரோமிலிருந்து திரும்பி, அன்று மாலையே சென்னைக்கு விமானம் ஏற வேண்டும். எது சரி?

பதில்: முதலில் அந்த ஏஜென்ட்டை ஓரமாக உட்கார வையுங்கள். ஒரே ஒரு ஊருக்குப் போய்வர பாஸே தேவையில்லை. பாஸ் இருந்தாலும் இரவு ரயிலில் படுக்கைக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்தாக வேண்டும். இதைப் பல ஏஜென்ட்டுகள் சொல்வதே இல்லை, ஏனென்றால் அவர்களுக்குக் கமிஷன் பாஸில்தான். கையில் பாஸை வைத்துக்கொண்டு, பெட்டிப் பணியாளர் பட்டியலில் பெயர் இல்லை என்று ஏற்ற மறுத்ததால், விடியும் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பதி பிறகு என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கு நான் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. டிக்கெட்டை ரயிலை ஓட்டும் ஆஸ்திரிய ரயில்வேயின் தளத்திலேயே, உங்கள் மின்னஞ்சல், உங்கள் கார்டில் வாங்குங்கள். விமான டிக்கெட்டுக்கும் இதே பேச்சுதான். இடைத்தரகர் தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்தால், நேரம் மாறியது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பணம் திரும்பினாலும் அவரிடம்தான் போகும்.

அடுத்தது வார்த்தைக் குழப்பம். நம்ம ஊரில் ஸ்லீப்பர் என்றால் மலிவு வகுப்பு. அங்கே ஸ்லீப்பர்தான் உயர்ந்தது: ஒருவர் முதல் மூவர் வரை படுக்கும் தனி அறை, உள்ளேயே வாஷ்பேசின், காலையில் நீங்கள் குறித்துக் கொடுத்த சிற்றுண்டி. நம் ஸ்லீப்பருக்கு நெருங்கியது ‘கூஷெட்’. நான்கு அல்லது ஆறு படுக்கை, ஒரு தலையணை, ஒரு போர்வை, காலையில் இரண்டு பன்னும் வெண்ணெயும் ஜாமும் காபியும். இதற்கும் கீழே வெறும் இருக்கை இருக்கிறது. விளம்பரத்தில் பளிச்சென்று தெரியும் விலை அதற்குத்தான். முழங்கால் வலியோடு இரவு முழுக்க அதில் உட்கார வேண்டாம்.

ஆறு படுக்கைக் கூஷெட்டும் வேண்டாம். இருவர் ஸ்லீப்பர் அறை எடுங்கள். அதிலும் படுக்கைகள் ஒன்றின் மேல் ஒன்றுதான். மனைவி கீழே, ஏணியில் ஏறப்போவது நீங்கள். உங்களாலும் முடியாதென்றால் நாலு பேர் கூஷெட்டில் இரண்டு கீழ் படுக்கை கிடைக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பேசாமல் விமானம்.

39 யூரோ கணக்கையும் பார்த்துவிடலாம். அந்த விலையில் பெரும்பாலும் காலடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான் அடங்கும், பெட்டிக்குத் தனி. ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறங்கி, ஊர் நடுவே உள்ள டெர்மினி ரயில் நிலையம் போக எக்ஸ்பிரஸ் ரயில் தலைக்கு 14 யூரோ. பறப்பது இரண்டு மணி நேரத்துக்குள்தான், ஆனால் வீட்டு வாசலிலிருந்து ஓட்டல் வாசல் வரை ஆறு மணி நேரம் பிடிக்கும். ரயில் மாலை ஏழு மணிவாக்கில் கிளம்பி மறுநாள் காலை ஒன்பது, பத்துக்கு ஊர் நடுவே இறக்கிவிடும். ஓர் இரவு ஓட்டல் செலவு மிச்சம். ஆனால் அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும். பெட்டியை வரவேற்பறையில் வைத்துவிட்டுச் சுற்றுங்கள். ஸ்லீப்பர் விலை, விமானமும் ஓர் இரவு அறையும் சேர்ந்த தொகையைத் தாண்டினால் நான் மகன் கட்சி.

ஸ்லீப்பர் ஏன் இவ்வளவு விலை என்று கேட்பீர்கள். 2016-இல் ஜெர்மன் ரயில்வே படுக்கை ரயில்களைக் கைகழுவியது. ஆஸ்திரியா அவற்றில் பலவற்றை எடுத்து ‘நைட்ஜெட்’ என்று ஓட்டுகிறது. ஒரு பெட்டியில் ஏற்றும் ஆட்கள் குறைவு, அந்தப் பெட்டி ஓடுவதும் ஒரு நாளைக்கு ஒரே தடவை. தண்டவாளத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் கட்டணம் கட்ட வேண்டும். அதே வானத்தில் சர்வதேச விமானத்தின் எரிபொருளுக்கு வரி கிடையாது! 2021-இல் தொடங்கிய வியன்னா–பாரிஸ் இரவு ரயில், பிரான்ஸ் மானியத்தை நிறுத்தியதும் 2025 டிசம்பரில் நின்றுபோனது. பருவநிலை மாநாடுகளில் பேசுகிறவர்கள் என்ன ரயிலில் வருகிறார்களா?

கடைசியாக அந்த 25-ஆம் தேதி. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இரவு ரயில் தாமதமாகும். சில நாள் படுக்கைப் பெட்டியே வராது. ஒரு மணி நேரம் தாமதித்தால் டிக்கெட் விலையில் கால் பங்கு, இரண்டு மணி நேரம் தாண்டினால் பாதி திரும்பக் கிடைக்கும். விமானம் என்றால், 1,500 கிலோமீட்டருக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதித்து, தவறு அவர்களுடையதாக இருந்தால் தலைக்கு 250 யூரோ. இந்தப் பணமெல்லாம் ரோம் பயணத்துக்கு மட்டும்தான். தனியாக வாங்கிய சென்னை டிக்கெட் தவறிப்போனால் ரயில்காரர் கேட்க மாட்டார், விமானக்காரரும் கேட்க மாட்டார். இரண்டும் வேறு வேறு ஒப்பந்தம். “எட்டு மணி நேரம் இடைவெளி இருக்கிறதே” என்று மகன் சொன்னாலும் கேட்காதீர்கள். ரயிலுக்குப் பதில் அன்று காலை விமானத்தில் வந்தாலும் இதே கதைதான்.

ஆகவே போகும்போது ரயில். திரும்ப 24-ஆம் தேதி பகல் விமானம். 25 காலை மகன் வீட்டில் நிதானமாகப் பெட்டி கட்டுங்கள்.