உள்நாட்டிலேயே அகதி ஆனவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

கேள்வியோடு இன்னொரு வரியும் இருக்கிறது: "சொந்த நாட்டுக்குள்ளேயே கலவரத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியவர்களை அகதி என்று சொல்லலாமா? யாருக்காவது அந்த அனுபவம் உண்டா?"

உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. "கலவரத்துக்கு முந்தி", "கலவரத்துக்குப் பெறகு" என்று அம்மா காலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். தையல் மிஷின் வாங்கியது முந்தி. தங்கை பிறந்தது பெறகு.

1991 டிசம்பரில் எனக்கு எட்டு வயது. அப்பா பெங்களூரில் கொத்தனார். ஒரு வட்டாரத்தில் குடியிருந்தோம். வட்டாரம் என்றால் அங்கே நம் ஊர் லைன் வீடு மாதிரி: ஒரே முற்றம், வரிசையாகப் பத்து வீடு, பொதுக் குழாய். காவிரி நடுவர் மன்றம் அந்த வருடம் ஜூன் 25 அன்று இடைக்காலத் தீர்ப்பு சொல்லியிருந்தது, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்று. கர்நாடகம் அதற்கு எதிராக அவசரச் சட்டம் போட்டது. அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். டிசம்பர் 11 அன்று மத்திய அரசு தீர்ப்பை அரசிதழில் வெளியிட்டது. மறுநாள் பெங்களூரில் தீ வைக்க ஆரம்பித்தார்கள். இந்த வரிசையெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது, வாசலில் நின்று தமிழில் பேசக் கூடாது என்பது மட்டும்தான்.

வீட்டுக்காரர் கன்னடக்காரர். "ரெண்டு நாள்ல அடங்கிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், அடங்காது என்று தெரிந்ததும் கர்நாடகப் பதிவெண் உள்ள ஒரு லாரியை அவரே பேசிக் கூட்டிவந்தார். தார்ப்பாய்க்கு அடியில் நாங்களும் இன்னும் நாலு குடும்பமும். எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டும் வரை ஒருவர்கூட இருமவில்லை. ஓசூரில் இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து இருமியது இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் டிரங்குப் பெட்டியைத் தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் இரண்டு பட்டுப்புடவை, என் பள்ளிக்கூட ரிப்போர்ட், ரேஷன் கார்டு எல்லாம் அதில்தான் இருந்தன. அப்பாவின் வேலைச் சாமான்களான தூக்குக்குண்டும் ரசமட்டமும் மணியாஸ் கட்டையும் மட்டும் தப்பின. வீட்டுக்காரர் அவற்றைத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து, ஒன்றரை வருடம் கழித்து அப்பா தனியாகத் திரும்பிப் போனபோது எடுத்துக் கொடுத்தார். ஆமாம், திரும்பிப் போனார். மதுரை மாவட்டத்து எழுமலையில் கொத்தனாருக்கு வருடத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும்?

எழுமலைப் பக்கம்தான் அம்மாச்சி வீடு. நாங்கள் முகாம் எதற்கும் போகவில்லை. சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று பஸ் மாறி மாறி மதுரை வந்து, நேராக அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டோம். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தத் திண்ணையில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை, "பொழைக்கப் போன எடத்துல இருந்து வந்துட்டாக", அவ்வளவுதான். சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவரை எந்த அரசாங்கம் எண்ணும்? உலகம் முழுக்க இதுதான் நிலைமை. முகாமில் இருப்பவரைப் படம் எடுக்கலாம், பட்டியல் போடலாம். மாமா வீட்டு மச்சில் படுத்திருப்பவர் எந்தப் படத்திலும் வரமாட்டார்.

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரேஷன் கார்டு கதை. புதுக் கார்டு கேட்டு அம்மா அலுவலகம் போனார். பழைய ஊரில் கார்டை ஒப்படைத்ததற்கு சரண்டர் சர்ட்டிபிகேட் கொண்டுவாங்க என்றார்கள். விதி அப்படித்தான், ஒரே ஆள் இரண்டு ஊரில் கார்டு வைத்திருக்கக் கூடாது இல்லையா. ஆனால் அந்தச் சான்றிதழை வாங்க, எந்த ஊரிலிருந்து தார்ப்பாய்க்குள் ஒளிந்து வந்தோமோ அந்த ஊருக்கே போக வேண்டும். போய், எரிந்துபோன கார்டை ஒப்படைக்க வேண்டும். அம்மா இதைச் சொல்லும்போது இப்போது சிரிப்பார். அப்போது மூன்று வருடம் அம்மாச்சி கார்டில் வந்த அரிசியையும் மண்ணெண்ணெயையும் இரண்டு குடும்பமாகப் பங்கிட்டோம். மாமா பெண்டாட்டிக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தால் அது நியாயமான கோபம்தான். எனக்கு டி.சி. இல்லாததால் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்புக்கு இறக்கினார்கள். மீசை முளைத்த பிறகு பத்தாவது பரீட்சை எழுதினேன்.

சரி, அகதி என்று சொல்லலாமா? பேச்சுவழக்கில் தாராளமாகச் சொல்லலாம். கதி இல்லாதவர் அகதி. ஆனால் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலி உண்டு. 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கைப்படி நாட்டின் எல்லையைத் தாண்டினால்தான் அகதி. தாண்டாதவர் 'உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்'. இவர்களுக்காக 1998இல் ஐ.நா. வழிகாட்டு நெறிகள் வந்தன, மொத்தம் 30. சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் தலைமையில் தயாரானவை. படித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்: ஆவணம் தொலைந்தால் புதிதாகக் கொடு, அதற்காகப் பழைய ஊருக்குப் போகச் சொல்லாதே என்றுகூட ஒரு நெறியில் இருக்கிறது. அதைப் படித்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆனால் நெறி என்பது நெறிதான், எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. ஆப்பிரிக்க நாடுகள் மட்டும் 2009இல் கம்பாலாவில் கூடி இதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகவே ஆக்கிக்கொண்டன.

2024 முடிவில் உலகத்தில் இப்படி உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள் 8 கோடியே 34 லட்சம் பேர். எல்லை தாண்டிய அகதிகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. செய்தியில் யாரை அதிகம் பார்க்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். படகில் வருபவர் இன்னொரு நாட்டுக்குப் பிரச்சினை, அதனால் பேச்சு வருகிறது. உள்ளே நகர்ந்தவர் அவருடைய நாட்டுக்கே சங்கடம். எந்த அரசு தன் சங்கடத்தை மேடை போட்டுப் பேசும்?

இந்தியாவில் கலவரத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கென்று நாடு முழுக்கப் பொதுவான தனிச் சட்டம் இல்லை. அணைக்கும் சாலைக்கும் நிலம் கொடுத்தவருக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கலவரத்துக்கு, அந்தந்த நேரம் அந்தந்த அரசு போடும் ஆணைதான். 1990இல் காஷ்மீர் பள்ளத்தாக்கை விட்டு ஓடிய பண்டிதர்களுக்கு அரசுக் காகிதத்தில் இருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'மைக்ரண்ட்'. ஏதோ திருப்பூருக்கு வேலை தேடிப் போனவர் மாதிரி. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சட்டம் மட்டும் இந்த விஷயத்தை நேராகப் பார்க்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ வீட்டை விட்டு, ஊரை விட்டு வெளியேறச் செய்வதையே ஒரு குற்றமாக எழுதியிருக்கிறது. மதுரையைச் சுற்றி இருப்பவர்களுக்கு அந்தப் பிரிவு ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை.

எழுமலைக்குப் பக்கத்தில்தான் உத்தப்புரம். 1989 சாதி மோதலுக்குப் பிறகு ஊருக்குக் குறுக்கே எழுந்த சுவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008 மே 6 அன்று அதிகாரிகள் அதில் ஒரு பகுதியை இடித்துத் தலித் மக்களுக்குப் பாதை திறந்தார்கள். அப்போது சுவரின் மறுபக்கத்துக் குடும்பங்கள் எதிர்ப்பைக் காட்ட ஊரைக் காலி செய்து மலையடிவாரத்தில் போய்த் தங்கின. ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் போராட்டமும் நடந்தது. அதிகாரிகள் அங்கே போய்ச் சமாதானம் பேசினார்கள். எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. வெயிலில் குழந்தைகளோடு கிடந்தவர்களின் சிரமம் பொய் இல்லை, அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் துரத்தப்பட்டுப் போவது வேறு, சுவர் போச்சே என்று போவது வேறு. "கார்டைத் திருப்பிக் குடுக்கறாகளாமா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். அவருக்கு அது விளங்கவே இல்லை.

அப்புறம், எல்லை தாண்டினால் அகதி, தாண்டாவிட்டால் இல்லை என்று எழுதினேன் அல்லவா? அந்தக் கோடு எவ்வளவு செயற்கை என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு வாடிக்கையாளர். திருமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். உச்சப்பட்டி முகாமில் இருப்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். மதுரை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம் உச்சப்பட்டி, ஆனையூர், திருவாதவூர் என்று மூன்று இடத்தில் இருக்கிறது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவர் ஒருநாள் மின்சாரம் போய்விட்ட நேரத்தில் சொன்னார்:

"நாங்கள் நாட்டை விட்டு ஓட வேணும் எண்டு நினைக்கவே இல்லைத் தம்பி. முதல் பக்கத்து ஊர். பிறகு அதுக்குப் பக்கத்து ஊர். அப்பிடியே கடல் வந்திட்டுது."

1995 அக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே ஒரே நேரத்தில் ஊரை விட்டு நடந்து வெளியேறியது, மழையில், நாவற்குழிப் பாலத்தின் மேல். லட்சக்கணக்கான சனம். அவர் தன் தாயைச் சைக்கிளில் வைத்துத் தள்ளினார். தென்மராட்சியில் சில மாதம், கிளாலியில் படகேறி வன்னிக்கு, கிளிநொச்சி விழுந்ததும் மல்லாவி, பிறகு மடுக் கோயில் வளாகம், கடைசியில் பேசாலைக் கரை. ஒவ்வொரு ஊரிலும் விதானையாரிடம் (நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி) பதிந்து, கூப்பன் வாங்கி, சங்கக்கடை (நம் ரேஷன் கடை மாதிரி) வரிசையில் நின்றிருக்கிறார்கள். அது வரைக்கும் 'இடம்பெயர்ந்தவர்'. படகு இந்தியக் கடலுக்குள் வந்ததும் 'அகதி'. ஆள் அதே ஆள், பையும் அதே பை.

அவர் தன் கதையோடு நிறுத்தவில்லை. 1990 அக்டோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது, தன் தெருவில் இருந்த தையற்காரர் குடும்பம் போனதைச் சொன்னார். வடக்கிலிருந்து மொத்தம் 75,000 பேர் அளவில் துரத்தப்பட்டார்கள், பெரும்பாலானோர் புத்தளத்தில் போய்த் தங்கினார்கள். "நாங்கள் படலைக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். ஐஞ்சு வருசத்தில எங்களுக்கும் அதுதான்" என்றார். அவருக்கு முன்னால் பெங்களூர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சொன்னேன். நல்ல மனுசன் என்றார்.

முகாம் வாழ்க்கை சுகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2021இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, உதவித்தொகையும் கூட்டியது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். நல்ல விஷயம்தான். ஆனாலும் இங்கேயே பிறந்து இங்கேயே கல்யாணம் ஆன பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கும் குடியுரிமை இல்லை. எனக்குக் குடியுரிமை இருந்தது, பட்டியலில் பெயர் இல்லை. அவருக்குப் பட்டியலில் பெயர் இருக்கிறது, குடியுரிமை இல்லை. யாருக்கு மோசம் என்று தராசு பிடிக்க நான் வரவில்லை.

கடைசியாக ஒன்று. போன வருடம் கப்பலூர் சிட்கோவில் வேலை செய்யும் ஒரு பையன் கடைக்கு வந்தான். மணிப்பூர். 2023 மே 3 அன்று தொடங்கிய கலவரத்தில் சுமார் 60,000 பேர் இடம்பெயர்ந்தார்களே, அதில் ஒருவன். அவனுக்கும் இந்தி அரைகுறை, எனக்கும் அரைகுறை. எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்கவில்லை, கேட்டு நான் என்ன செய்யப் போகிறேன்? கம்பெனியில் உள்ளூர் முகவரி கேட்கிறார்கள், ஆதாரில் முகவரி மாற்ற வேண்டும் என்றான். வாடகை ஒப்பந்தமும் கையில் இருந்தது. நான் பக்கத்தைத் திறந்து பாதி நிரப்பியிருப்பேன், கையைத் தடுத்தான். அம்மாவும் தம்பியும் அங்கே நிவாரண முகாமில் இருக்கிறார்கள், முகவரி மாறினால் ஊர்ப் பட்டியலில் இருந்து தன் பெயர் போய்விடுமோ என்று பயம். 2024 தேர்தலில் அந்த முகாம்களில் 94 சிறப்பு வாக்குச்சாவடி வைத்தார்கள். கப்பலூரில் இருப்பவனுக்கு அது எதற்கு உதவும்?

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முகவரி அப்படியே இருக்கட்டும், லேமினேஷன் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றான். போட்டுக் கொடுத்தேன். இப்போது அங்கே ஒரு வீடுகூட நிற்கவில்லை என்று அவன் சொன்ன ஊரின் பெயர், பளபளவென்று இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். பையன் எந்த ஊர், என்ன சண்டை, எதையும் அவர் கேட்கவில்லை.

"கார்டு கையில இருக்குல்ல?"

"இருக்கும்மா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினார்.